திருவாரூர்க் கணிதமும் வாக்கிய முறையும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய வானநூலறிஞரிடையே பெரும் பூசலொன்று எழுந்தது. இந்தியரின் வானக் கணிதம் கி.மு. 3102-இல், கலியுகம் தொடங்கிற்று என்று கூறப்படும் காலத்திலேயே, வானத்தை நேரிற் கண்டு அமைக்கப்பட்டதா, அன்றிப் பிற்காலத்தே கணித்துப் பின்னோக்கிப் பொருத்தப்பட்டதா என்பதே அப்பூசலின் பொருள். அதில் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்பெற்ற ஊர்ப்பெயர்களுள் ஒன்று ‘திர்வலூர்’. சென்னைக்கு அருகிலுள்ள திருவள்ளூரே அது என மயங்குதல் எளிது. ஆயின், எடின்பரோவைச் சேர்ந்த பிளேஃபேர் என்னும் கணித அறிஞர், ரென்னல் வரைந்த நிலப்படத்தைக் கொண்டு, அது நாகப்பட்டினத்துக்கு மேற்கே அமைந்த சிற்றூர் எனத் தெளிவாகக் குறிக்கின்றார். ஆகலின் அவ்வூர் சோழநாட்டுத் திருவாரூரே என்பதில் ஐயமில்லை. தியாகேசர் கோயிலாலும் ஆழித்தேராலும் நாம் அறிந்த ஊர், பாரிசிலும் எடின்பரோவிலும் வானக் கணித வாய்பாட்டின் பெயராக வழங்கியது நம்மவர் பலரும் அறியாத செய்தி.

ஒருவர் வகுத்த கணக்குவழியை மற்றொருவர் எங்ஙனம் புரிந்துகொள்கின்றார், புரியாமலே எவ்வளவு தூரம் கையாள இயலும், கையாளுங்கால் எவை கெடாமல் நிற்கின்றன, எவை கெடுகின்றன என்னும் வினாக்களுக்குத் திருவாரூர்க் கணிதத்தின் வரலாறு நல்ல சான்றாகும். இன்று அறிவியல் ஆராய்ச்சி பெரும்பாலும் கணிப்பொறி வழியே நிகழ்வதால், ஓர் ஆய்வகத்தார் எழுதிய கணிப்புத் தொடரைப் பிறிதோர் ஆய்வகத்தார் எடுத்து மீள இயக்குதல் எங்ஙனம் என்னும் சிக்கல் உலகெங்கும் பேசப்படுகின்றது. சிக்கல் புதிதன்று, காவிரிப் படுகையில் அதற்கு நெடிய வரலாறு உண்டு.

முதற்கண் நெற்கணக்கைச் சிறிது நோக்குதல் பொருந்தும். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களிற் கோயிலுக்கு அளக்கும் நெல்லைக் கூறுமிடத்து, ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளப்பது என்றும், அம்மரக்கால் இராசகேசரியோடு ஒக்கும் என்றும் குறிக்கப்பெற்றுள்ளன. தொகையைச் சொல்வதோடு நில்லாமல், அளவுகோலையும், அக்கோல் எதனோடு ஒத்தது என்பதையும் உடன் பொறித்தமை கருதத்தக்கது. ஆயிரம் ஆண்டு கழித்துப் படிப்பவனும் கணக்கை மீளப் போட்டுப் பார்க்கலாம். நில அளவையிலும் அத்தகைய நுட்பம் உண்டு: வேலியை 320 கூறிட்டதில் ஒன்று முந்திரி, அம்முந்திரியை மீண்டும் 320 கூறிட்டதில் ஒன்று கீழ்முந்திரி, அஃதாவது 1,02,400-இல் ஒரு பங்கு. இத்துணை நுண்ணிய பின்னங்களைக் கையாண்ட ஊர்க்கணக்கர் அவற்றை ஒவ்வொரு முறையும் பெருக்கி வகுத்துக் கண்டாரல்லர். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியும் நெல்லிலக்கமும் பொன்னிலக்கமும் குழிமாற்றும் நெஞ்சில் ஏற்றப்பெற்றிருந்தன. களத்துமேட்டில் நெல் அளக்குங்கால் விடை நாவில் வந்து நின்றது. வாய்பாட்டை ஆக்கியவன் ஒருவன், கையாண்டவர் பல்லாயிரவர். இப்பிரிவினை நம் நாட்டிற் கணிதத்தின் இயல்பான அமைப்பாக இருந்தது என்பதை மனத்திற் கொண்டால், பின்னர் வருவன எளிதில் விளங்கும்.

பிரெஞ்சு வானநூலறிஞர் லெ ஜாந்தீல், வெள்ளி கதிரவனைக் கடக்கும் காட்சியைக் காண 1760-இற் புதுச்சேரிக்கெனக் கப்பலேறினார். அவர் வருமுன் புதுச்சேரி ஆங்கிலேயர் கைப்பட்டமையால், 1761-ஆம் ஆண்டுக் காட்சியை ஆடும் கப்பலிலிருந்தே பார்க்க நேர்ந்தது, அதனாற் பயனில்லை. அடுத்த காட்சிக்காக எட்டாண்டு கீழ்த்திசையிலேயே தங்கினார். 1769 சூன் 4 விடியற்காலையிற் புதுச்சேரி வானத்தை முகில் மூடிற்று. அவர் அடைந்த ஏமாற்றத்தை ஐரோப்பிய நூல்கள் விரிவாகப் பேசும். நமக்கு வேண்டுவது அதுவன்று. காத்திருந்த காலத்தில் அவர் தமிழர் ஒருவரிடம் அமர்ந்து வானக் கணிதம் பயின்றார். தாம் கற்ற திருவாரூர் முறையைப் பிரெஞ்சுக் கழகத்தின் 1772-ஆம் ஆண்டுத் தொகுதியில் எழுதினார். 1765 ஆகஸ்டு 30-இல் நிகழ்ந்த நிலவு மறைப்பைத் தமிழ்க் கணிதர் கணித்துக் காட்டியபொழுது, மறைப்பு நீடித்த காலம் உண்மையினும் 41 விநாடியே குறைவாயிற்று. ஐரோப்பாவில் அந்நாளில் மிகச் சிறந்தனவாக மதிக்கப்பெற்ற தோபியாசு மேயரின் வாய்பாடு 68 விநாடி மிகையாகக் காட்டிற்று. இவ்வொரு சான்றைக் கொண்டு தமிழ்முறை மேயர் முறையினும் உயர்ந்தது எனல் மிகையாகும். ஒரு மறைப்பிற் பிழைகள் தம்முள் ஈடாதலும் உண்டு. எனினும் தொலைநோக்கியும் கோண வாய்பாட்டுப் புத்தகமும் இன்றி, சோழிகளைத் தரையிற் பரப்பிக் கணித்தவர் பெற்ற விடை இது என்பதை மறத்தலாகாது.

லெ ஜாந்தீல் கொண்டுசென்ற கணக்குவழி ஐரோப்பாவிற் பெற்ற வாழ்வு வேறு. பாயி என்னும் பிரெஞ்சு அறிஞர் 1787-இல் இந்திய வானநூல் பற்றிப் பெருநூலொன்று எழுதினார். சியாமிலிருந்து லூபேர் கொணர்ந்தது, கிருட்டிணபுரத்துது, நரசாபுரத்தது, திருவாரூரது என நான்கு வாய்பாடுகளை அவர் ஒப்பிட்டார். கி.மு. 3102-க்குரிய கோள்நிலைகள் கண்ணாற் கண்டு எழுதப்பெற்றனவே என்று முடிவு கட்டினார். பிளேஃபேர் 1789-இல் அம்முடிபைத் தழுவிப் படித்த கட்டுரை பெரிதும் பேசப்பட்டது. லாப்லாசு அதனை மறுத்தார். கோள்களெல்லாம் அந்நாளில் ஒருங்கு கூடின எனல் கணிதத்திற்குக் கொண்ட ஒரு தொடக்கமேயன்றி நிகழ்ச்சியன்று என்பது அவர் கருத்து. லாப்லாசின் கருத்தே நிலைபெற்றது. பாயியின் பிழை எங்கே தோன்றிற்று? அவர் கையிற் கிடைத்தது செய்முறை மட்டுமே: இந்த எண்ணைக் கழி, இதனால் வகு, இதனைக் கூட்டு என்பது. ஏன் அவ்வெண் என்னும் காரணம் உடன் செல்லவில்லை. காரணம் இல்லாத இடத்தை அவர் தம் கற்பனையால் நிரப்பினார். அறிவாற்றல் குறைந்தவர் செய்த பிழையன்று இது. அறிவாற்றல் மிக்கவரே செய்யக்கூடியது.

இனி அவ்வெண்களை நோக்குவோம். கலியுகத் தொடக்கத்திலிருந்து வேண்டிய நாள்வரை கழிந்த நாட்களை முதலில் எண்ணுதல் வேண்டும். அதிலிருந்து 16,00,984-ஐக் கழித்து, எஞ்சியதை 12,372-ஆல் வகுத்து, மிச்சத்தை 3,031-ஆல் வகுத்து, அதன் மிச்சத்தை 248-ஆல் வகுத்தால், இறுதியில் 248-க்குக் குறைந்த ஓரெண் நிற்கும். நெற்குவியலை முதலிற் கலத்தால் அளந்து, எஞ்சியதை மரக்காலாலும் அதில் எஞ்சியதை நாழியாலும் அளக்கும் முறையே இது. அளக்கப்படுவது நெல்லன்று, நாள், வேறுபாடு அவ்வளவே. கலத்துக்கும் மரக்காலுக்கும் நாழிக்கும் விலை உண்டாதல்போல ஒவ்வோர் எண்ணுக்கும் நிலவு நகர்ந்த அளவு ஒன்று உண்டு. 16,00,984-க்கு 7 இராசி 2 பாகை 0 கலை 7 விகலை. 12,372-க்கு 9 இராசி 27 பாகை 48 கலை 10 விகலை. 3,031-க்கு 11 இராசி 7 பாகை 31 கலை 1 விகலை. 248-க்கு 27 பாகை 44 கலை 6 விகலை. இவற்றை ஈவுகளாற் பெருக்கிக் கூட்டி, இறுதி மிச்சத்துக்குரிய வாக்கியத்தையும் கூட்டினால், அன்று காலை நிலவு நிற்கும் இடம் கிடைக்கும். வாக்கியங்கள் 248. வரருசி என்பார் செய்தன என்பது மரபு. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு சிறு வடமொழித் தொடர். ஒவ்வொரு தொடரும் ஓர் எண்.

நிலவு தன் சேய்மை முனையிலிருந்து புறப்பட்டு மீண்டும் அம்முனையை அடைய ஏறத்தாழ 27.55 நாளாகும். 248 நாளில் அது 9 முறையும், 3,031 நாளில் 110 முறையும், 12,372 நாளில் 449 முறையும் அம்முனையை அடைகின்றது. இதுவே அவ்வெண்களின் காரணம். கணக்குவழியின் உட்பொருத்தத்தைச் சோதிக்கவும் ஓர் எளிய வழி உண்டு. 3,031-ஐ நான்காற் பெருக்கி 248-ஐக் கூட்டினால் 12,372 வரும். அங்ஙனமே 11 இராசி 7 பாகை 31 கலை 1 விகலையை நான்காற் பெருக்கி, 27 பாகை 44 கலை 6 விகலையைக் கூட்டி, முழு வட்டங்களைத் தள்ளினால் 9 இராசி 27 பாகை 48 கலை 10 விகலை, ஒரு விகலையும் பிசகாமல் வருகின்றது. ஏடு எழுதுவோன் பிழை செய்திருந்தால் இச்சோதனை அதனைக் காட்டிக்கொடுக்கும். இங்ஙனம் தன்னைத்தானே காக்கும் அமைப்பை ஆக்கியோன் அறிந்தே வைத்தான் என யான் கருதுகின்றேன்.

தமிழாசிரியர்க்குச் சுவையூட்டும் பகுதி இனித்தான் வருகின்றது. சென்னையில் 1825-இற் ‘கால சங்கலிதம்’ என்னும் நூலை வெளியிட்ட படைத்தலைவர் ஜான் வாரன், மேற்கூறிய நான்கு எண்களுக்கும் வேதம், ரசகரிக, கலநிலம், தேவரம் என்று ஒலிக்கும் பெயர்களைத் தருகின்றார். அவை வெறும் பெயர்களல்ல, எண்களே. கடபயாதி என்னும் முறைப்படி க முதலாக ஒன்பதும், ட முதலாக ஒன்பதும், ப முதலாக ஐந்தும், ய முதலாக எட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணப்படும். ஞகரமும் நகரமும் சுழி. சொல்லை வலமிருந்து இடமாகப் படித்தல் வேண்டும். தஞ்சைப் பகுதியார்க்கு இம்முறை இசை வழியாக நன்கு பழக்கமானதே. ‘தீரசங்கராபரணம்’ என்பதன் முதலிரண்டு எழுத்து 9-ம் 2-ம் ஆதலின் அது 29-ஆம் மேளம். ‘மேசகல்யாணி’ 65-ஆம் மேளம். அவ்வாறே ‘தேவரம்’ என்பதில் தே 8, வ 4, ர 2. திருப்பிப் படித்தால் 248. ‘கலநிலம்’ 1, 3, 0, 3, திருப்பினால் 3031. ‘ரசகரிக’ 2, 7, 3, 2, 1, திருப்பினால் 12372. ‘வேதம்’ என்பது நீண்டதொரு தொடரின் தலைப்பகுதி. அதன் முதலிரண்டு எழுத்தும் 4, 8 ஆதலின் 1600984 என்பதன் இறுதி இலக்கங்களோடு பொருந்துகின்றது. தேவாரம் பாடப்பெற்ற திருவாரூரில் நிலவின் கணக்கு ‘தேவரம்’ என்னும் சொல்லால் நடந்தது என்பது தற்செயலே. எனினும் அச்சொல்லை நினைவிற் கொள்ள ஊரார்க்கு எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்!

ஆயின் தமிழ் எழுத்திற்கு வந்தவுடன் இம்முறை இடறுகின்றது. வடமொழியில் நால்வகைத் தகரம் உண்டு. அவை 6, 7, 8, 9 ஆகும். தமிழ் நெடுங்கணக்கில் நான்குக்கும் ஒரே எழுத்து. ஆகவே தமிழில் எழுதிய ‘தேவரம்’ 246 ஆகலாம், 247 ஆகலாம், 248 ஆகலாம், 249-உம் ஆகலாம். ககரமும் அவ்வாறே 1 முதல் 4 வரை. இதனை நூலில் மட்டும் படித்து விட்டுவிடாமல் செய்து பார்க்க எண்ணி, வாரன் காலத்து நிலவு மறைப்பு நாள் ஒன்றை எடுத்துக்கொண்டேன். 1825 மே 31 காலையில் முடிந்த கலிநாட்கள் 17,99,312. எண்களை மறைத்துவிட்டுத் தமிழ் எழுத்திலமைந்த சொற்களை மட்டும் கொண்டு கணித்தபொழுது, ‘ரசகரிக’ என்பதன் இடைநின்ற ககரத்தை வல்லொலியாகக் கொண்டு 12172 எனப் படித்துவிட்டேன். நிலவு தனுசு இராசியின் 20-ஆம் பாகை அளவிற் போய் நின்றது. அதனை நம்பினால் பௌர்ணமி இரண்டு நாளுக்கு முன்னரே கழிந்ததாகும். மறைப்புக்கு இடமே இல்லை. ஓரெழுத்தின் ஒலிப்பு மாறியதால் ஒன்றரை இராசி பிழை.

சரியான எண்ணாற் கணித்தால் இவ்வாறு வரும். 17,99,312-இலிருந்து 16,00,984 போக 1,98,328. அதில் 12,372 பதினாறு முறை அடங்கி 376 எஞ்சும். 3,031 அடங்காது. 248 ஒருமுறை அடங்கி 128 எஞ்சும். நான்கு அளவுகளையும் உரியவாறு கூட்ட 324 பாகை 34 கலை 53 விகலை. 128-ஆம் வாக்கியத்தைக் கூட்டி முழு வட்டத்தைத் தள்ளினால் நிலவு விருச்சிகத்தின் 5-ஆம் பாகையளவில் நிற்கின்றது. அன்று வைகாசி; கதிரவன் ரிஷபத்தில் 18 பாகைக்கு மேல். மறுநாள் விடியலையொட்டி நிலவு நேர் எதிரே வந்துவிடும். உண்மையில் மறைப்பும் மே 31-க்கும் சூன் 1-க்கும் இடைப்பட்ட இரவிலேயே நிகழ்ந்தது. எழுநூறாண்டுக்கு முற்பட்ட எண்களைக் கூட்டல், கழித்தல், வகுத்தல் என்னும் மூன்று செயல்களால் ஒரு தாளின் பாதியில் முடிக்க இயன்றது கண்டு மகிழ்ந்தேன்.

இதே மறைப்பைத்தான் வாரன் புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் கொண்டு தம் முன்னிலையிற் கணிக்கச் செய்தார். அவர் ஏடு எதனையும் திருப்பவில்லை. சோழிகளைத் தரையில் வைத்தும் எடுத்தும், வாய்பாடுகளைத் தொடர்களாக மனத்திலிருந்து கூறியும் கணக்கை நடத்தினார். பெற்ற விடையில், மறைப்பின் தொடக்கம் 4 நிமிடம் பிந்தியும், நடு 23 நிமிடம் முந்தியும், முடிவு 52 நிமிடம் முந்தியும் அமைந்தன. அக்கணிதர்க்கு வானநூற் கொள்கை ஒரு சொல்லும் தெரியாது என்றும், ஆயினும் செயல்களை மனத்திலும் தரையிலும் முறைபிறழாது அடுக்கும் நினைவாற்றல் அவர்க்கு இருந்தது என்றும் வாரன் எழுதுகின்றார். இக்கூற்றின் முற்பகுதியைப் பலரும் இகழ்ச்சியாகவே எடுத்தாண்டனர். யான் அங்ஙனம் கொள்ளேன். இன்று புள்ளியியற் கணிப்பைக் கணிப்பொறியில் இயக்கும் ஆராய்ச்சியாளருள் எத்துணைப் பேர் அதன் உள்ளே நிகழும் கணிதத்தை அறிவர்? பொத்தானை அழுத்துவோர் அனைவரையும் அறியாதார் எனத் தள்ளினால் அறிவியல் நில்லாது. மேலும், தரையிற் கிடந்த சோழிக்கு ஒரு சிறப்பு உண்டு: கணக்கின் ஒவ்வொரு படியும் பிறர் கண்முன் கிடந்தது. வாரன் ஓர் அயலாராக இருந்தும் படிதோறும் எழுதிக்கொள்ள இயன்றது அதனாலன்றோ?

அவ்வாறு எழுதியமையால் விளைந்த பயன் 127 ஆண்டு கழித்து வெளிப்பட்டது. பாபிலோனியக் களிமண் ஏடுகளில் வல்லவரான நாய்கபௌர் 1952-இல் ‘தமிழ் வானநூல்’ என்னும் பெயரில் ஒரு கட்டுரை எழுதினார். வாரன் பொருள் விளக்காது குறித்து வைத்த படிகளிலிருந்தே அவற்றின் அடிப்படைக் கொள்கையை மீட்டெடுத்தார். 248, 3,031 என்னும் எண்கள் ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர் தொகுத்த பஞ்சசித்தாந்திகையிலும், உரோமானியர் காலத்துக் கிரேக்கப் பாப்பிரசுத் தாள்களிலும் உள்ளன. 248 நாள் அளவோ கி.மு. காலத்துப் பாபிலோனிய ஏடுகள் வரை செல்கின்றது. யூப்ரடீசுக் கரையில் தோன்றிய ஒரு கணக்குவழி, கொள்கைகள் பல மாறியும் தான் மாறாது, சோழமண்டலக் கரையிற் சோழிகளில் 1825 வரை உயிரோடிருந்தது. நாய்கபௌர்க்குப் பிழையின் அளவு பொருட்டன்று; தொடர்ச்சியே வியப்பு. பாயி காரணமறியாது கற்பனை செய்த இடத்தில், இவர் எண்களையே சான்றாகக் கொண்டு காரணத்தைக் கண்டார்.

நம்மவர் ஆராய்ச்சியும் பின்தங்கவில்லை. 1962-இற் குப்பண்ண சாத்திரியாரும் கே. வி. சர்மாவும் ‘வாக்கியகரணம்’ என்னும் நூலைச் சுந்தரராசரின் ‘லகுப்ரகாசிகை’ உரையோடு சென்னைக் குப்புசாமி சாத்திரி ஆராய்ச்சிக் கழக வெளியீடாகப் பதிப்பித்தனர். திருவாரூர் முறைக்கும் புதுச்சேரிச் சோழிக் கணக்கிற்கும் மூலம் இந்நூலே. ஆசிரியர் பெயர் தெரிந்திலது. காஞ்சிப் பகுதியிற் கி.பி. 1300-ஐ ஒட்டி எழுந்தது என்பர். காலத்தை எண்ணே சொல்லுகின்றது. கலிநாள் 16,00,984 என்பது கி.பி. 1282 மே 22, வெள்ளிக்கிழமை. அன்று காலை நிலவு சேய்மை முனையில் நின்றது எனக் கொண்டே கணக்குத் தொடங்குகின்றது. மூன்றாம் இராசேந்திரனோடு சோழர் ஆட்சி முடிந்து, காவிரிநாடு பாண்டியர் குடைக்கீழ் வந்து சில ஆண்டே ஆகியிருந்த காலம் அது. அரசு மாறிய காலத்தும் யாரோ ஒருவர் வானத்துக்கும் கணக்குக்கும் இருந்த வேறுபாட்டை நோக்கிப் புதிய தொடக்கம் ஒன்றை வைத்திருக்கின்றார். கி.மு. 3102 பற்றி வாதிட்டோர் கையிலிருந்த தாளிலேயே இத்தேதியும் ஒளிந்து கிடந்தது.

சுந்தரராசர் உரைகாரர் மட்டுமல்லர். கேரளத்து நீலகண்ட சோமயாஜிக்கு ஐயங்களை எழுதியனுப்பி விடை பெற்றவர். தாம் கையாளும் முறையின் காரணத்தை அறியவேண்டும் என்னும் வேட்கை, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்தில் இருந்தது என்பதற்கு இவரே சான்று. கேரளத்தார் அவ்வேட்கையைத் தொழிலாக்கினர். சங்கமகிராம மாதவர் நிலவின் வாக்கியங்களை விகலை வரை திருத்தினார். 1431-இற் பரமேசுவரர் வானத்தைப் பல்லாண்டு நோக்கித் ‘திருக்கணிதம்’ அமைத்தார். தமிழகத்தில் உரை இருந்தது, ஓதுதல் இருந்தது, திருத்தம் மட்டும் நின்றது. இதற்குச் சொல்லமைப்பும் ஒரு காரணம் எனலாம். எண்ணை எண்ணாக எழுதியிருந்தால் ஓர் இலக்கத்தை மாற்றிவிடலாம். பொருளுடைய தொடராகப் பின்னிய பின்னர் ஒரு கலையைத் திருத்தவும் புதுத்தொடர் யாக்க வேண்டும். யாத்ததை ஊரெல்லாம் புதிதாக மனனம் செய்ய வேண்டும். நினைவிற்கு உதவிய கட்டே திருத்தத்திற்குத் தடையாயிற்று. மாதவர் புதுத்தொடர்களை யாத்தார் என்பது உண்மையே. ஆயின் அத்துணிவு எல்லாவிடத்தும் எழுவதன்று.

2016-இல் வெளியான ஒரு கட்டுரை, அறிவியல் தரவுகள் கண்டெடுக்கவும் அணுகவும் பிறவற்றோடு இணைந்து இயங்கவும் மீளப் பயன்படவும் தக்கனவாய் இருத்தல் வேண்டும் என வகுத்தது. கணிப்பு வழிகளுக்கும் அதனை இன்று விரித்துரைக்கின்றனர். வாக்கிய முறையை அவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தால், மீளப் பயன்படுதலில் அதனை வெல்வது அரிது. இணைந்து இயங்குவதில், எழுத்து மாறியவுடன் இடறும் என மேலே கண்டோம். அவ்வுரைகல்லில் இல்லாத ஒரு தகுதியும் உண்டு: எப்பொழுது திருத்தப்பெற்றது, எதுவரை செல்லும் என்னும் குறிப்பு. ஆடவல்லான் மரக்காலுக்கு அக்குறிப்பைக் கல்லில் வெட்டிய நாடு, தேவரத்துக்கு வெட்டவில்லை.

அதன் விளைவைக் காவிரிப் படுகையிலேயே காணலாம். திருவாரூரிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத திருநள்ளாற்றுக் கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவது. திருக்கணிதத்தின்படி சனி கும்ப இராசியிற் புகுந்தது 2023 சனவரி 17. வாக்கியத்தின்படி 2023 திசம்பர் 20; திருநள்ளாற்றுப் பெயர்ச்சி விழாவும் அந்நாளிலேயே நிகழ்ந்தது. இடையே பதினோரு திங்கள். நிலவுக்குச் சில நிமிடமாக நின்ற பிழை, மெல்ல நகரும் சனிக்குத் திங்கட்கணக்காக விரிந்தது. இந்திய அரசு 1952-இல் மேகநாத சாகாவின் தலைமையில் அமைத்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு 1955-இல் அறிக்கை தந்தும், வாக்கியத்தைக் கைவிட விரும்பாத கோயில்கள் கைவிடவில்லை. அவ்வாண்டு விழா நாளில் யான் திருநள்ளாறு சென்றிருந்தேன். நளதீர்த்தக் கரையில் ஒரு முதியவர் இவ்வாண்டுப் பஞ்சாங்கங்கள் இரண்டையும் மடியில் விரித்து, இரு தேதிகளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். “எது சரி, ஐயா?” என்று வினவினேன். “வானத்துல இருக்கிறது அது. நம்ம கோயில்ல நடக்கிறது இது” என்று கூறி, இரண்டையும் ஒன்றாகவே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.